பழைய கிராம வீடும் புதிய பயனும்

(வளர்ச்சித் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் பங்குபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

கோவாவின் தென்பகுதியில் உள்ள சால்செட் வட்டத்துக் கிராமச் சாலைகளில் செல்வோர் பூட்டிய வீடுகள் பலவற்றைக் காண்பர். முகப்பில் படிக்கட்டும், அதன் இருமருங்கிலும் கற்பலகை இருக்கைகளும் கொண்ட திண்ணை ஒன்று இருக்கும். கொங்கணி பேசும் மக்கள் அதைப் பல்காவ் என்ற போர்த்துகீசியச் சொல்லாலேயே வழங்குவர். உள்ளே நீண்ட வரவேற்புக் கூடம், நடு முற்றம், பின்கட்டில் சமையலறை, அதற்கும் பின்னே கிணறு என்ற அமைப்பில் இவ்வீடுகள் கட்டப்பட்டன. சுவர் செம்புரைக்கல்லால் ஆனது. மேலே சுண்ணாம்புப் பூச்சு. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளைச் சட்டமிட்டுப் பதித்திருப்பர். கூரையில் மங்களூர் ஓடு.

இத்தகைய வீடு ஒன்றைத் திறந்து, அதன் ஒரு பகுதியை உணவகமாகவும் மற்றொரு பகுதியை ஊரார் பாடவும் ஆடவும் நாடகம் பழகவும் உரிய கலைக்கூடமாகவும் மாற்றும் எண்ணம் இப்போது பல இடங்களில் தலைதூக்கியுள்ளது. கேட்பதற்கு இனிய எண்ணமே. வீடு பிழைக்கும், சிலருக்கு வேலை கிடைக்கும், கலை வளரும் என்று மூன்று நன்மைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் இம்மூன்றும் தாமாகவே சேர்ந்து நடப்பதில்லை. உணவகம் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு முதலில் காணாமற்போவது கலைக்கூடந்தான். ஏன் அவ்வாறு நிகழ்கிறது, நிகழாமல் இருக்க எந்தக் கட்டத்தில் என்ன செய்யவேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

வீடு ஏன் பூட்டிக்கிடக்கிறது?

கோவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான 4 மாதங்களில் கொட்டிவிடும். ஓட்டு வீட்டுக்குக் கோடை முடிவில் ஒருமுறை ஆள் ஏறி, உடைந்த ஓட்டை மாற்றி, சரிந்ததை அடுக்கியாகவேண்டும். ஓர் ஆண்டு தவறினால் ரீப்பர் கட்டை நனையும். இரண்டாம் ஆண்டு கரையான் ஏறும். அதன்பின் கைமரம், பிறகு உத்தரம். கூரை விழுந்த செம்புரைக்கல் சுவர் நெடுநாள் நிற்பதில்லை. சுண்ணாம்பு பூசிய சுவர் உள்ளிழுத்த ஈரத்தை வெளியே விடும். செலவைக் குறைக்க எண்ணிச் சிமெண்டு பூசிவிட்டாலோ, ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். பழுது பார்த்ததாக எண்ணி வீட்டைக் கெடுத்தவர்கள் கோவாவில் மட்டுமா இருக்கிறார்கள்?

ஓடு மாற்றும் கூலி பெருந்தொகையன்று. பின் ஏன் அது நடப்பதில்லை? காரணம் பணமின்மையைக் காட்டிலும் உரிமைச் சிக்கலே எனலாம். 1961 டிசம்பர் 19 அன்று கோவா விடுதலை பெற்ற பின்னரும், 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசியச் சிவில் சட்டத்தின் வழிவந்த குடும்பச் சொத்து விதிகள் அங்கு தொடர்ந்தன. சொத்தில் ஒரு பாதியைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கியே தீரவேண்டும். ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. நாட்டின் பிற பகுதிகள் பொறாமைப்படத்தக்க நீதி அது. ஆனால் கணவன் மனைவி இருவரும் சொத்தைப் பொதுவாக உடையவர்கள் என்பது அங்குள்ள பொதுவழக்கு ஆகையால், 7 பிள்ளைகள் இருந்தால் 14 கையொப்பங்கள் வேண்டும். ஒருவர் பம்பாயில், ஒருவர் லிஸ்பனில், ஒருவர் வளைகுடா நாட்டில். வாரிசுகளிடையே ஏலம் விட்டுத் தீர்க்கும் முறையும் சட்டத்தில் உண்டு. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்தியுள்ளது. எனினும் பிறந்த வீட்டுக்கு உடன்பிறந்தாரிடையே ஏலம் கேட்க எல்லாரும் முன்வருவதில்லை. சந்தோர் கிராமத்தின் புகழ்பெற்ற மெனெசெஸ் பிராகான்சா மாளிகை குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே கிழக்குப் பகுதி, மேற்குப் பகுதி எனப் பிரிந்து நிற்கிறது. மாளிகையானதால் பிரிக்க இடமிருந்தது. சிறிய வீட்டை எப்படிப் பிரிப்பது?

வாடகைக்கு விடுவதிலும் அச்சம் உண்டு. குடியேறியவரை எழுப்ப முடியாது என்ற எண்ணம் 1968ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு வேரூன்றிவிட்டது. ஆகவே பூட்டு.

இப்பூட்டை எண்ணிப் பார்க்கும்போது பொருளாதார மாணவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய வீடு நிற்பதால் கிடைக்கும் நன்மை உரிமையாளருக்கு மட்டுமன்று. சாலையின் அழகு, ஊரின் பெயர், வருவோரைக் கவரும் தன்மை ஆகியவை எல்லாருக்கும் உரியவை. செலவோ ஒருவருக்கே. இந்த ஏற்றத்தாழ்வை அரசு ஈடுசெய்யும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அரசியலமைப்பின் 49ஆம் பிரிவும் 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டமும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவற்றைக் காக்கவே வழிசெய்கின்றன. ஒரு கிராமத்துத் திண்ணை அந்தப் பட்டியலில் இடம்பெறாது. அரசே எடுத்து நடத்திய எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. இமாசலப் பிரதேசத்தில் நகர் என்னும் ஊரிலுள்ள பழைய குலு அரசர்களின் மரமும் கல்லும் அடுக்கிய கோட்டை, 1978ஆம் ஆண்டு முதல் மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதியாகவும் உணவகமாகவும் இயங்கி வருகிறது. ஆனால் கோட்டைக்குச் செய்ததை ஊருக்கு நூறு வீடுகளுக்குச் செய்ய இயலாது. வீடு தன் பழுதுபார்ப்புச் செலவைத் தானே ஈட்டிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்த வழி.

கணக்கு சொல்வது என்ன?

இனி எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். இது எந்த ஒரு வீட்டின் கணக்கும் அன்று. அளவுகளின் தன்மையைக் காட்டுவதற்காகப் போடப்பட்டது.

நாற்பது இருக்கைகள் கொண்ட உணவகம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அக்டோபர் முதல் மே வரை 210 நாட்கள், நாளொன்றுக்கு 45 பேர் உண்கின்றனர். மழைக்காலத்தில் 100 நாட்கள், நாளொன்றுக்கு 15 பேர். ஆக 10,950 பேர். ஆளுக்கு 500 ரூபாய் எனில் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 54 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். இதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 18 லட்சத்து 25 ஆயிரம், மீன், தேங்காய், அரிசி முதலிய பொருள்களுக்குப் போய்விடும். சம்பளம், எரிவாயு, மின்சாரம், உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்து 22 லட்சம். எஞ்சுவது பதினான்கரை லட்சம். வீட்டைச் சீர்செய்ய 25 லட்ச ரூபாய் கடன் வாங்கி, 11 சதவீத வட்டியில் 6 ஆண்டுகளில் திருப்புவதானால் ஆண்டுத் தவணை 5 லட்சத்து 90 ஆயிரத்தைத் தொடும். வாரிசுகளுக்கு மாதம் 30 ஆயிரம் வாடகை எனில் 3 லட்சத்து 60 ஆயிரம். ஓடு, சுண்ணாம்பு, மரவேலைக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் ஒதுக்கவேண்டும். இவையெல்லாம் போக நடத்துபவர் கையில் நிற்பது இரண்டரை லட்சம்.

உண்ண வருவோர் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்னாகும்? வருவாய் 5 லட்சத்து 47 ஆயிரம் குறையும். பொருள் செலவில் 1 லட்சத்து 82 ஆயிரம் மிச்சமாகும். சம்பளமோ, தவணையோ, வாடகையோ குறையாது. இரண்டரை லட்ச லாபம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நட்டமாக மாறிவிடும்.

இவ்வளவு மெல்லிய நூலின்மேல் நடக்கும் தொழிலில், அழகிய நீண்ட கூடம் ஒன்று வாடகையின்றி இருப்பதைக் கண்டு நடத்துபவரின் மனம் சும்மா இருக்குமா? திருமண விருந்துக்கு விட்டால் ஒரே இரவில் கிடைக்கும் தொகை, நாடகம் பழகும் இளைஞர்களிடம் ஓராண்டிலும் கிடைக்காது. முதலில் ‘இந்த ஒரு சனிக்கிழமை மட்டும்’ என்பார். பிறகு எல்லாச் சனிக்கிழமைகளும் அவ்வாறே ஆகும். கலைக்கூடம் என்ற பலகை மட்டும் சுவரில் தொங்கும். இதில் நடத்துபவரைக் குறை கூறுவது முறையன்று. கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது.

இரண்டாவதாகக் கவனிக்கவேண்டியது பழுதுபார்ப்பு நிதி. நட்டம் வந்த ஆண்டில் ஒத்திப்போடக்கூடிய ஒரே செலவு அதுதான். சம்பளத்தை நிறுத்தினால் ஆள் போய்விடுவார். தவணையை நிறுத்தினால் வங்கி வரும். ஓடு மாற்றாவிட்டால் இந்த ஆண்டு எவரும் வந்து கேட்கமாட்டார்கள். எந்த வீட்டைக் காப்பதற்காக உணவகம் தொடங்கப்பட்டதோ அந்த வீட்டின் கூரையே கடைசியில் கவனிப்பாரற்றுப் போகும்.

வரியைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண உணவகங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 2017 நவம்பர் முதல் 5 சதவீதமாக உள்ளது. ஆனால் வாங்கும் பொருள்களின்மீது செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி இல்லை. மரத்துக்கும் ஓட்டுக்கும் கட்டிய வரி முழுதும் செலவாகவே நிற்கிறது. பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழில்களுக்கு 20 லட்ச ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு மானியத்துடன் கடன் பெறலாம். மது பரிமாறும் உணவகத்துக்கு அது கிடையாது. கோவாவில் மதுவின்றி உணவகம் நடத்துவது எளிதன்று என்பதை அவ்வட்டார வங்கி அலுவலர்கள் அறிவர்.

மழைக்காலத்தின் மிச்சம்

இதுவரை சொன்னது இருண்ட பக்கம். அதே கணக்கில் மற்றொரு செய்தியும் மறைந்திருக்கிறது. மழைக்காலத்து 4 மாதங்களும், ஆண்டு முழுவதும் வாராந்தர விடுமுறை நாளும், மற்ற நாட்களின் பிற்பகலும் உணவகத்துக்குப் பயனற்ற நேரங்கள். அப்போது கூடத்தைத் திறந்துவிடுவதால் ஏற்படும் கூடுதல் செலவு விளக்கெரிவதும் தரை பெருக்குவதுமே. மின்சார வாரியத்தில் உச்சநேரத் தேவை, பிறநேரத் தேவை எனப் பிரித்துப் பேசுவதை மாணவர்கள் படித்திருப்பர். அதே விதி இங்கும் பொருந்துகிறது.

உணவகத்தின் ஓய்ந்த காலந்தான் கிராமத்தின் நிறைந்த காலம் என்பது இதில் குறிப்பிடத்தக்கது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்களுக்கு விசைப்படகு மீன்பிடித்தலுக்குத் தடை. கடலுக்குச் சென்றோர் ஊரில் இருப்பர். ஜூன் 24 அன்று புனித யோவான் திருநாளில் இளைஞர்கள் தலையில் பூமுடி சூடி, ஊர்க் கிணறுகளில் குதித்துப் பாடுவர். 29 அன்று மீனவர்கள் படகுகளை இணைத்து மேடையாக்கி நடத்தும் சாங்கோட் விழா. ஆகஸ்டில் புதுநெல் விழா. அதையொட்டிப் பிள்ளையார் சதுர்த்தி. வீடுதோறும் ஆரத்தியும் பஜனையும் பெண்களின் புகடி ஆட்டமும். இவையனைத்துக்கும் பழகுவதற்கு மழை படாத ஓர் இடம் வேண்டும். வெளியூரார் வராத காரணத்தால் காலியாகக் கிடக்கும் கூடத்தை ஊரார் நிரப்பலாம். இரு நாட்காட்டிகளும் ஒன்றோடொன்று மோதாமல் பொருந்துகின்றன. இப்படியொரு பொருத்தம் எல்லா மாநிலங்களிலும் அமைவதில்லை.

கூடமும் கலைக்குப் புதிதன்று. மாண்டோ என்னும் கோவாப் பாடலும் ஆடலும் 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய வீடுகளின் வரவேற்புக் கூடங்களில் வளர்ந்தவை. வயலினும் குமட் என்னும் மண்பானைத் தோற்கருவியும் ஒலிக்க, ஆடவரும் பெண்டிரும் எதிரெதிர் வரிசையில் நின்று மெல்ல ஆடுவர். கொங்கணி மேடை நாடகமான தியாத்ர், 1892 ஏப்ரல் 17 அன்று பம்பாயில் முதன்முதலாக அரங்கேறியது. பிழைப்புத் தேடிச் சென்ற கோவா மக்கள் உருவாக்கிய கலை அது. இன்றும் ஊருக்கு ஊர் அதற்குக் குழுக்கள் உண்டு.

ஆனால் இங்கே ஒரு கசப்பான உண்மையையும் பேசியாகவேண்டும். மாண்டோ பாடப்பட்ட கூடம் எல்லாருடைய கூடமாகவும் இருந்ததில்லை. அது நிலக்கிழார்களின் கூடம். பட்கார் என்று அழைக்கப்பட்ட அவர்களின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த முண்ட்கார் குடிகள் பின்கட்டு வாயிலோடு நின்றவர்கள். அவர்களுக்குக் குடியிருப்பு உரிமை தர 1975ஆம் ஆண்டில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. உழைக்கும் பெண்கள் தை மாதத்தை ஒட்டிய இரவுகளில் வட்டமிட்டும் வரிசையிட்டும் பாடி ஆடும் தாலோ, வீட்டுக் கூடத்தில் நடந்ததன்று. ‘மாண்ட்’ எனப்படும் ஊர்ப் பொதுக் களத்தில் நடந்தது. அந்தக் களத்தை மெழுகுவது யார், விளக்கேற்றுவது யார், எத்தனை இரவுகள், யார் முதலில் பாடுவது என்பதற்கெல்லாம் ஊர் வழக்கு உண்டு. ஒருவர் தயவில் கிடைக்கும் இடமாக அது இருக்கவில்லை. பழைய வீட்டைக் கலைக்கூடமாக்குவோர் கற்கவேண்டியது கூடத்திடமிருந்து அன்று, இந்தக் களத்திடமிருந்தே எனலாம். அன்று பின்வாயிலில் நின்றவரின் பேத்தி இன்று முன்வாயிலால் நுழைந்து பாடுவது, வீட்டுக்காரரின் பெருந்தன்மையாக இருக்குமானால் அது அடுத்த வாரிசு வரைதான் செல்லும்.

விருந்தினர் உண்ணும்போது ஓரமாக நின்று 10 நிமிடம் பாடிவிட்டுப் போவதையும் கலை வளர்ப்பு என்று சொல்லும் பழக்கம் பரவி வருகிறது. பாடுவோருக்கு அது வருவாய் தருமானால் தடுக்கவேண்டியதில்லை. ஆனால் அது பரிமாறும் வேலையைப் போன்ற ஒரு வேலை. உணவகத்தின் சம்பளக் கணக்கில் வரவேண்டியது. தட்டில் விழும் சில்லறையில் தீர்க்கக்கூடியதன்று.

டில்லியில் நடந்தது

முன்கூட்டி விதி செய்யாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குத் தலைநகரிலேயே சான்று உள்ளது. ஹவுஸ் காஸ் என்னும் ஊர், அலாவுதீன் கில்ஜி வெட்டிய ஏரியின் கரையில், பிரோஸ் ஷா துக்ளக்கின் கல்லறையையும் கல்விக்கூடத்தையும் ஒட்டி அமைந்தது. டில்லி விரிவடைந்தபோது ஊரின் வயல்கள் கையகப்படுத்தப்பட்டன; வீடுகள் மட்டும் எஞ்சின. வருவாய்த்துறை வரைபடத்தில் குடியிருப்பைச் சுற்றிச் சிவப்புக் கோடு இட்டுக் காட்டும் வழக்கத்தால் இத்தகைய பகுதிகளுக்கு லால் டோரா என்று பெயர். 1963ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று இப்பகுதிகளைக் கட்டட விதிகளிலிருந்து விலக்கியது. உழவர் தம் வீட்டில் ஒரு தாழ்வாரம் இறக்கவும் மாட்டுக்கொட்டில் கட்டவும் நகராட்சி வாயிலில் நிற்கவேண்டாம் என்ற நல்ல எண்ணமே அதன் காரணம்.

1980களின் பிற்பகுதியில் ஆடை வடிவமைப்பாளர்களும் கலைக்காட்சிக் கூடத்தாரும் அவ்வூர் வீடுகளை வாடகைக்கு எடுத்தனர். பழைய கொட்டிலும் முற்றமும் எருமையும் ஏரியும் அவர்களைக் கவர்ந்தன. உணவகங்கள் வந்தன. வாடகை ஏறியது. வயலை இழந்த குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதை மறுக்க இயலாது. ஆனால் வாடகை ஏற ஏற, மாடி மேல் மாடி எழுந்தது. 20 ஆண்டுகளில் முதலில் வந்த சிறு கலைக்கூடங்கள் பல வாடகை கொடுக்க முடியாமல் விலகின. உணவகங்களும் மதுக்கூடங்களும் அவ்விடத்தை நிரப்பின. 2013 செப்டம்பரில், மாசுக்கட்டுப்பாட்டு அனுமதியின்றி நடந்ததற்காக 30க்கு மேற்பட்ட உணவகங்கள் மூடப்பட்டன. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நடந்தது. பின்னர் நிபந்தனைகளுடன் திறக்க அனுமதிக்கப்பட்டன. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகளைப் பற்றிய கவலை அதற்குப் பின்னும் தீரவில்லை.

அவ்வூரில் எவரும் கெட்ட எண்ணத்துடன் தொடங்கவில்லை. கலைக்கூடம் ஊருக்குப் பெயர் தந்தது. அந்தப் பெயர் வாடகையாக மாறியது. வாடகை கலைக்கூடத்தை வெளியேற்றியது. மதிப்பை உண்டாக்கியவர் ஒருவர், அதைப் பெற்றவர் வேறொருவர். ரிக்கார்டோவின் குத்தகைக் கோட்பாட்டைப் படிக்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

எழுதவேண்டியவை

அப்படியானால் கோவாக் கிராமத்து வீட்டுக்கு என்ன செய்யலாம்? முதலாவது, குத்தகைக் காலம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், நாடெங்கும் 11 மாத ஒப்பந்தமே வழக்கமாகிவிட்டது. 11 மாதம் இருப்பவர் உத்தரம் மாற்றுவாரா? 6 ஆண்டுத் தவணைக்கு வங்கிதான் கடன் தருமா? குறைந்தது 10 அல்லது 12 ஆண்டுக் குத்தகையை எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்வதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. முத்திரைக் கட்டணத்தை மிச்சப்படுத்த எண்ணி வீட்டை இழக்கக்கூடாது.

அந்தக் குத்தகைப் பத்திரத்திலேயே ஊரின் நேரமும் எழுதப்படவேண்டும். வாராந்தர விடுமுறை நாளும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பிற்பகல்களும் கூடம் ஊர்க்குழுக்களுக்கு உரியது. மின்சாரச் செலவு தவிர வேறு கட்டணமில்லை. அந்நேரங்களில் திருமண விருந்துக்கு விடுவதற்கில்லை. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, பஞ்சாயத்தும் ஒரு தரப்பாகக் கையெழுத்திடுவது நல்லது. பண்பாட்டு நடவடிக்கைகள் பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களில் 21ஆவதாக அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணையில் உள்ளது. 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த வரி அங்கே இருக்கிறது. அதற்கென நிதி வந்த பஞ்சாயத்துகள் அரிது. நிதி இல்லாமலே அந்த வரியைப் பயன்படுத்தக்கூடிய ஓர் இடம் இது. தொழில் உரிமம் கேட்டு வருபவரிடம் பஞ்சாயத்துக்கு இயல்பாகவே ஒரு பேச்சுவலிமை உண்டு. உணவகம் திறந்து ஓராண்டு ஆன பிறகு அந்த வலிமை பாதியாகிவிடும். முதல் மேசை போடுவதற்கு முன்னே பேசிமுடிக்கவேண்டும்.

பழுதுபார்ப்பு நிதி, நடத்துபவரும் வீட்டார் ஒருவரும் கூட்டாகக் கையெழுத்திட்டே எடுக்கக்கூடிய தனி வங்கிக் கணக்கில், மாதந்தோறும் விற்பனையில் ஒரு பங்காகச் செல்லவேண்டும். ஆண்டு முடிவில் எஞ்சினால் போடலாம் என்பது போடாமைக்குச் சமம்.

நீரைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. உணவகத்துக்கு இருக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. 40 இருக்கைக்கு 2,800 லிட்டர். 6 பேர் வாழ்ந்த வீட்டில், ஆளுக்கு 135 லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 810 லிட்டரே செலவாகியிருக்கும். மூன்றரை மடங்கு நீர் கிணற்றிலிருந்து ஏறுகிறது. ஏறத்தாழ அதே அளவு எண்ணெய்ப் பிசுக்குடன் கழிவாக இறங்குகிறது. செம்புரை மண் நுண்துளைகள் நிறைந்தது. பழைய உறிஞ்சுகுழி தாங்காமல் நிரம்பினால் அடுத்த வீட்டுக் கிணறு கெடும். பிசுக்கைத் தடுக்கும் தொட்டியும், புதிய செப்டிக் தொட்டியும் சுவருக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே கட்டப்படவேண்டியவை. ஊர் பகைத்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக: கெட்ட கிணறு, இரவுச் சத்தம். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு 9 மணியே இரவுதான்.

பொருள் வாங்கும் 18 லட்சம் எங்கே போகிறது என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். மொத்த வியாபாரியின் வண்டியிலிருந்து இறங்கினால் ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. காலையில் மிதிவண்டியில் மணியடித்து வரும் பொதேர் என்னும் ரொட்டிக்காரர், கள்ளிறக்குவோர், அவர் கள்ளிலிருந்து காடி வடிப்போர், குடம்புளி உலர்த்தும் பெண்கள், கூடையில் மீன் கொணர்வோர் ஆகியோர் வழியாகப் போனால் ஒரே ரூபாய் ஊரில் இரண்டு மூன்று கை மாறும். கோவாச் சமையலில் கள்ளுக்காடி இன்றியமையாதது. மரம் ஏறுவோர் குறைந்துவருவதால் அதற்குப் பதில் ஆலைக் காடியை ஊற்றுவோர் பெருகிவிட்டனர். முன்கூட்டியே விலை பேசி, ஆண்டு முழுவதும் வாங்கும் ஓர் உணவகம் ஊருக்கு ஒன்றிருந்தால் இரண்டு மரமேறிகளேனும் தொழிலில் நிற்பர். சமையற்கட்டில் யார் நிற்கிறார்கள் என்பதும் அவ்வாறே. இச்சமையலை அறிந்தவர்கள் ஊர்ப் பெண்கள். அவர்களைக் காய் நறுக்க வைத்து, வெளியூர்ச் சமையற்காரரிடம் கரண்டியைக் கொடுக்கும் விந்தையும் நடக்கிறது.

மே மாத இறுதியில் வருவோர் கூட்டம் குறைந்ததும், ஓடு மாற்றுவோர் கூரை மேல் ஏறவேண்டும். ஒரு வாரம் உணவகம் மூடியிருக்கும். மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி, தூசி தட்டி, சிப்பிச் சன்னல்களைத் திறந்துவைத்தால், ஜூன் முதல் வாரத்தில் புனித யோவான் திருநாளுக்குப் பாட்டுப் பழகும் பிள்ளைகள் வந்துவிடுவர். கூடத்தின் சாவி அந்த 4 மாதங்களுக்கு யாரிடம் இருக்கவேண்டும் என்பதையும் பத்திரத்தில் எழுதிவிடுவது நல்லது.